கால்-எக்ஸ்னர் என்றால் யார்?

போன வருடம் ஆடி மாதம், அக்காவின் பயாப்சி ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு தாம்பரத்திலிருந்து மணிமங்கலத்துக்கு பஸ்ஸில் வந்தேன். முப்பத்தைந்து வருடம் அரசாங்க ஃபைல் பார்த்தவன் கையில் காகிதத்தைக் கொடுத்தால் படிக்காமல் இருக்க மாட்டான். முடிச்சூர் தாண்டுவதற்குள் மூன்று தடவை படித்துவிட்டேன். புரிந்தது பாதி. புரியாததில் ஒரு வரி மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது: கட்டியில் 'கால்-எக்ஸ்னர் பாடீஸ்' காணப்படுகின்றன என்று எழுதியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மருமகள் அதை உரக்க வாசித்தாள். அக்கா கட்டிலில் படுத்தபடியே, "காலா? எனக்குக் கட்டி இருந்தது வயித்துலதானேம்மா? கால்ல ஒண்ணும் இல்லியே" என்றார். பத்து நாளாக யாரும் சிரிக்காத வீடு. அன்றைக்குத்தான் சிரித்தோம்.

அந்தக் 'கால்' ஒரு பெண்மணியின் பெயர் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதைத் தேடப் போய் எங்கெங்கோ போனேன். அதைச் சொல்வதற்கு முன் அக்காவின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அக்காவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுது தம்பி, பேர் மட்டும் போடாதே" என்றார்.

அக்காவுக்கு 71 வயது. அத்திம்பேர் காலமான பிறகு புதுச்சேரி வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்துவிட்டார். மாதவிடாய் நின்று இருபது வருடத்துக்கு மேல். அப்படிப்பட்டவருக்குத் திடீரென்று உதிரம் படத் தொடங்கியிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. இருட்டிய பிறகு கொல்லைக் குழாயில் தானே துணி அலசிக்கொண்டிருந்தார். இரண்டு மாதம் கழித்து மருமகள் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்தபோது அக்கா சொன்ன முதல் வார்த்தை, "உன் மாமனார் கிட்ட சொல்லாதே." தம்பியிடம் சொல்லக் கூச்சம். இத்தனைக்கும் நான் பிறந்தபோது என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவர்.

முதலில் போன இடத்தில் (எந்த இடம் என்பது வேண்டாம்) வயதானால் உள்ளே வறண்டு புண்ணாகும், அதுதான் என்று சொல்லி ஒரு களிம்பு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஸ்கேன் எடுக்கச் சொல்லவில்லை. அதில் ஒரு மாதம் போயிற்று. இரண்டாவதாகப் பார்த்த டாக்டரம்மா களிம்பைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். கருப்பையின் உள்தோல் தடித்திருந்தது. வலது சினைப்பையில் எலுமிச்சம்பழத்தை விடப் பெரிய கட்டி.

அப்போது அவர் எனக்கு விளக்கிய விதம் ஓர் ஆபீஸ்காரனுக்கு நன்றாகப் புரிந்தது. "எழுபது வயசுல அந்தத் தோல் மெலிசாத்தான் சார் இருக்கணும். தடிச்சிருக்குன்னா யாரோ ஹார்மோன் சப்ளை பண்றாங்கன்னு அர்த்தம். கடையை மூடி இருபது வருஷம் ஆச்சு, சரக்கு மட்டும் வருது. அப்ப சப்ளை பண்றவன் யாருன்னு பார்க்கணும்." ரத்தத்தில் சிஏ-125 சோதனை சாதாரணமாக இருந்தது. அதைப் பார்த்து நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். அவர் விடவில்லை. இன்ஹிபின் என்று இன்னொரு சோதனை எழுதினார். அது ஏறிக்கிடந்தது. ஆபரேஷன் நடந்தது. வந்த முடிவு: கிரானுலோசா செல் ட்யூமர், பெரியவர்களுக்கு வரும் வகை. சினைப்பைக்குள்ளேயே அடங்கியிருந்தது.

சினைப்பையில் வரும் புற்றுக்களில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்துதான் இந்த ஜாதி. மெதுவாக வளரும். மற்ற சினைப்பைப் புற்றுக்கள் வயிறு முழுக்கப் பரவிய பிறகுதான் வாய் திறக்கும். இது ஈஸ்ட்ரோஜன் சுரப்பதால் முன்கூட்டியே உதிரமாகக் காட்டிக்கொடுக்கிறது. அதாவது நோயே வந்து தகவல் சொல்கிறது. அந்தத் தகவலைத்தான் நம் வீட்டுப் பெண்கள் இருட்டில் அலசிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது 'கால்' அம்மையாருக்கு வருகிறேன். எம்மா கால் அமெரிக்கர், 1847-இல் பிறந்தவர். 1873-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். பெண்களை மருத்துவக் கல்லூரி வாசலில் நிற்க விடுவதே பெரிய விஷயமாக இருந்த காலம். பட்டம் வாங்கியவர் வியன்னாவுக்குப் போனார். அங்கே சிக்மண்ட் எக்ஸ்னர் என்ற உடலியல் நிபுணரோடு சேர்ந்து 1875-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். எதைப் பற்றி என்கிறீர்கள்? முயலின் சினைப்பையைப் பற்றி! முட்டை வளரும் பைக்குள்ளே செல்கள் ரோஜாப்பூ இதழ் போல வட்டமாக நின்று நடுவில் ஒரு சின்னக் குழியைச் சூழ்ந்திருப்பதைப் பார்த்து எழுதினார்கள். புற்றுநோய் என்ற பேச்சே அதில் இல்லை. பின்னால் வந்த நோய்க்கூறு நிபுணர்கள் இந்தக் கட்டியைக் கண்ணாடிக்கடியில் வைத்தபோது அதே ரோஜாப்பூ தெரிந்தது. இந்தக் கட்டியை 1855-இலேயே அதே வியன்னாவில் ரோக்கிடான்ஸ்கி என்ற பெரியவர் விவரித்துவிட்டார். ஆனால் அடையாளம் காட்டும் மச்சமாக நின்றது முயலில் பார்த்த அந்தப் பூதான். எம்மா கால் பிறகு பாஸ்டனில் பெண்கள் மருத்துவமனையில் வேலை பார்த்தார். 1884-இல் மாசச்சூசெட்ஸ் மருத்துவச் சங்கம் சேர்த்துக்கொண்ட முதல் பெண் அவர்.

1875 என்ற வருடத்தைப் பார்த்ததும் எனக்கு ஒன்று பொறிதட்டியது. அதே வருடம் நம் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டார்கள். லண்டனில் பெண்கள் படிக்க வழியில்லாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது இங்கே சர்ஜன் ஜெனரல் எட்வர்ட் பால்ஃபர் கதவைத் திறந்துவிட்டார். அந்த நால்வரில் ஒருவர் மேரி ஷார்லீப். கணவர் மெட்ராஸில் வக்கீல். அவர் மூலமாகத்தான் இந்த அம்மாவுக்கு ஒரு விஷயம் தெரிய வந்தது. கோஷா முறையில் இருந்த முஸ்லிம் பெண்களும் உயர்சாதி இந்துப் பெண்களும் ஆண் டாக்டரிடம் காட்டுவதை விடச் சாவதே மேல் என்று வீட்டுக்குள்ளேயே செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் அது. முதலில் பிரசவ ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி வேலை கற்றார். போதாது என்று காலேஜில் சேர்ந்தார். 1878-இல் இங்கே தேறினார், 1882-இல் லண்டனில் எம்.பி. பட்டம், அதன் பிறகு அவரும் வியன்னாவுக்குப் போய்ப் பயிற்சி எடுத்திருக்கிறார். 1883-இல் மெட்ராஸுக்கே திரும்பி வந்தார். 1885-இல் சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான விக்டோரியா ஆஸ்பத்திரி தொடங்கியது. திருவல்லிக்கேணியில் இன்றைக்குக் கஸ்தூர்பா காந்தி ஆஸ்பத்திரி என்று பலகை இருந்தாலும் ஆட்டோக்காரரிடம் 'கோஷா ஆஸ்பத்திரி' என்று சொன்னால்தான் சீக்கிரம் புரியும்.

உடம்பு ஒத்துழைக்காததால் 1887-இல் அவர் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். அங்கே பெண்ணுறுப்புக் கட்டிகளை வயிற்றைத் திறந்து எடுக்கும் அறுவையில் பெரிய பெயர் வாங்கினார். பெண் ஒருத்தி அப்படிக் கத்தி பிடிப்பதா என்று லண்டன் முகம் சுளித்த நாட்கள் அவை. அவர் பாடம் தொடங்கியது மெட்ராஸில் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். அதனால் அந்தப் பக்கத்துப் புத்தகங்களையும் புரட்டாமல் இருக்க முடியவில்லை. கருப்பைக்குள்ளிருந்து திசுவைச் சுரண்டி எடுக்கும் 'க்யூரெத்' என்ற கரண்டியைச் செய்தவர் பாரிஸ் டாக்டர் ரெகாமியே. இன்றைக்கும் டி அண்ட் சி என்று நம்மூர்ப் பெண்கள் சொல்வதில் உள்ள 'சி' அவருடையதுதான். இன்னொன்று இதைவிட சுவாரசியம். வயதான பெண்ணுக்கு வயிற்றில் நீர் கோக்கும், நெஞ்சிலும் நீர் கட்டும், மூச்சு வாங்கும். பார்க்கிறவர்கள் டி.பி. என்பார்கள், அல்லது புற்று பரவிவிட்டது, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்பார்கள். ஆனால் சில பேருக்கு அதற்கெல்லாம் காரணம் சினைப்பையில் இருக்கும் ஃபைப்ரோமா என்ற சாதுவான கட்டி. அதை எடுத்துவிட்டால் வயிற்று நீரும் நெஞ்சு நீரும் தானாக வற்றிவிடும்! இங்கிலீஷ் புத்தகங்களில் இதற்கு மெய்க்ஸ் சிண்ட்ரோம் என்று பெயர். ஜோ மெய்க்ஸ் என்ற அமெரிக்கர் 1937-இல் ஏழு பேரின் கதையை எழுதினார். பிரெஞ்சுக்காரர்கள் விடுவார்களா? போர்தோ நகரத்து அறுவை மருத்துவர் தெமோன்ஸ் 1887-இலேயே இதைச் சொல்லிவிட்டார் என்று அவர் பெயரை முன்னால் போட்டு 'தெமோன்ஸ்-மெய்க்ஸ்' என்கிறார்கள். இங்கிலீஷ் தெரிந்தவர்கள் அந்தப் பெயரை எழுத்தில் பார்த்தால் பேய்கள் என்று படித்துவிடுவார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை.

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் அம்மா 1972-இல் இறந்தார். 58 வயது. வயிறு உப்பி, மூச்சு முட்டி, உட்கார்ந்தபடியேதான் கடைசி ஒரு மாதம். 'மகோதரம்' என்றார் வைத்தியர். சுற்றியிருந்தவர்களும் மகோதரம் என்றார்கள். மகோதரம் என்றால் பெரிய வயிறு, அவ்வளவுதான் அர்த்தம். பார்த்ததையே சமஸ்கிருதத்தில் திருப்பிச் சொன்னதை நாங்கள் நோயின் பெயர் என்று எடுத்துக்கொண்டோம். அம்மாவைப் பெண் டாக்டர் யாரும் பார்க்கவில்லை. யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை.

ஸ்கேன் விஷயத்துக்கு வருகிறேன். என் மகன் ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறான். அக்காவின் ஸ்கேன் படத்தைப் பார்த்தவன், "அப்பா, இது எங்க யு.டி. டெஸ்ட்தான்" என்றான். வெல்டிங்கில் உள்விரிசல் இருக்கிறதா என்று பார்க்க, காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி எதிரொலியைப் பிடிப்பார்களாம். பையன் சும்மா பெருமைக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். இல்லை. வரலாறும் அப்படித்தான் இருக்கிறது.

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்துப் பிரசவ மருத்துவப் பேராசிரியர் இயன் டொனால்ட். அந்த ஊரும் நம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் மாதிரி தொழிற்சாலை ஊர்தான். கப்பல், பாய்லர் என்று இரும்பு வேலை. பாய்லர் செய்யும் பாப்காக் அண்ட் வில்காக்ஸ் கம்பெனியின் இயக்குநர் ஒருவரின் மனைவிக்கு இவர் வைத்தியம் பார்த்திருந்தார். அந்தப் பழக்கத்தில், 1955 ஜூலை 21 அன்று, அறுத்தெடுத்த கருப்பைக் கட்டிகளையும் சினைப்பைக் கட்டிகளையும் கார்களில் ஏற்றிக்கொண்டு அந்தத் தொழிற்சாலைக்கே போய்விட்டார்! உலோகத்தில் விரிசல் பார்க்கும் கருவியை அந்தக் கட்டிகள் மேல் வைத்துப் பார்த்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்கத் தொழிற்சாலைக்காரர்கள் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டு கொண்டுவந்து வைத்தார்களாம். நீர்க்கட்டி ஒரு விதமாகவும் கெட்டியான கட்டி வேறு விதமாகவும் எதிரொலித்தது. அதுதான் ஆரம்பம். டாம் பிரவுன் என்ற இளம் என்ஜினியர் பிறகு கருவியை மனித உடம்புக்கு ஏற்றபடி மாற்றினார்.

அவர்களைக் கேலி செய்யாமல் நிறுத்திய நோயாளி ஒரு வயதான பெண்மணி. வயிறு உப்பிக் கிடந்தார். இரைப்பையில் புற்று, பரவிவிட்டது, இனி செய்வதற்கில்லை என்று பெரிய டாக்டர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். டொனால்டின் கருவி, உள்ளே இருப்பது பரவிய புற்று அல்ல, தெளிவான எல்லையுள்ள பெரிய நீர்க்கட்டி என்று காட்டியது. சினைப்பைக் கட்டி. அறுத்தெடுத்தார்கள், பிழைத்துக்கொண்டார். 1958 ஜூன் 7 லான்செட் இதழில் கட்டுரை வந்தது. இன்றைக்கு ஸ்கேன் என்றால் கர்ப்பிணி ஞாபகம்தான் எல்லோருக்கும் வருகிறது. முதலில் அதன் தகுதியை நிரூபித்தது சாகப்போகிறார் என்று ஒதுக்கி வைத்த ஒரு கிழவியின் வயிறு. இதை மகனிடம் சொன்னபோது அவன் அடுத்த நாள் ஷிஃப்டில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறான்.

நம்மூரில் இந்த வேலையை யார் தூக்கிச் சுமந்தார்கள் என்றால் முத்துலட்சுமி ரெட்டியில் தொடங்க வேண்டும். 1912-இல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் பட்டம் பெற்றவர். 1923-இல் அவருடைய தங்கை புற்றுநோயில் இறந்தார். அதைக் கண்ணால் பார்த்தவர் புற்றுநோய்க்கென்று தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று முப்பது வருடம் அலைந்தார். 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு கேன்சர் இன்ஸ்டிட்யூட் தொடங்கியது. மகன் கிருஷ்ணமூர்த்தி டாக்டர். அவரோடு 1955-இல் வந்து சேர்ந்தவர் சாந்தா. சாந்தா படித்தது மகப்பேறு, பெண்கள் மருத்துவம். எழும்பூர் பெண்கள் ஆஸ்பத்திரியில் அரசாங்க வேலை கையில் வந்துவிட்டது. அதை விட்டுவிட்டு இங்கே வந்தார். அரசாங்க உத்தரவை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தவரை ஒரு குமாஸ்தாவான நான் எவ்வளவு ஆச்சரியத்தோடு பார்ப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. 2021 ஜனவரியில் இறக்கும்வரை அவர் அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை.

சாந்தாவின் சாதனைகளில் பத்திரிகைகள் எழுதாத ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. பதிவேடு! 1981-இல் அங்கே மெட்ராஸ் மாநகரப் புற்றுநோய்ப் பதிவகம் ஆரம்பித்தார்கள். அடுத்த வருடத்திலிருந்து கணக்கு. அந்தக் காலத்தில் புற்றுநோயை அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் கிடையாது. யாரும் தகவல் அனுப்ப மாட்டார்கள். எனவே பதிவக ஊழியர்களே ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய், கேஸ் ஷீட்டுகளையும் லேப் ரிஜிஸ்தர்களையும் புரட்டி எழுதிக்கொண்டு வந்தார்கள். மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளையும் எடுத்து ஒப்பிட்டார்கள். அபூர்வமான கட்டி எது, சாதாரணமானது எது என்று சொல்வதற்கே எண்ண வேண்டும் அல்லவா? எண்ணியவர்கள் இந்த குமாஸ்தாக்கள். என் ஜாதிக்காரர்கள்.

இதை எழுதும்போது என் பங்கையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் பல வருடம் பிறப்பு இறப்புப் பிரிவில் இருந்தவன். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் வைத்துவிட்டுப் போன 'எத்தா சிவில்' பதிவில் சாவுக்குக் காரணம் எழுதும் வழக்கமே இல்லை. பெயர், தேதி, பெற்றோர், சாட்சி, கையெழுத்து, முடிந்தது. 1969-ஆம் வருடத்து இந்தியச் சட்டத்தின்கீழ் வந்த படிவத்தில் காரணத்துக்கென்று ஒரு கட்டம் உண்டு. வீட்டில் இறந்த வயதான பெண்களுக்கு அந்தக் கட்டத்தில் நான் என்ன எழுதினேன்? சொல்லிக்கொண்டு வந்தவர் 'வயசாச்சுங்க' என்பார். 'முதுமை' என்று எழுதுவேன். 62 வயதுக்கும் முதுமைதான், 90 வயதுக்கும் முதுமைதான். ஆண்கள் என்றால் நெஞ்சுவலியா, மூச்சிரைப்பா என்று ஒரு வார்த்தை கேட்பேன். கிழவிகளுக்கு அதுவும் கேட்டதில்லை. என் கையெழுத்தில் உள்ள அத்தனை 'முதுமை'களில் எத்தனை பேருக்கு உதிரம் போயிற்று, எத்தனை பேருக்கு வயிறு உப்பியது என்று இனி எந்தப் பதிவகத்தாலும் எண்ண முடியாது.

பரிசோதனை முகாம்களிலும் இந்த வயதுக்காரர்கள் விட்டுப்போகிறார்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வில், வினிகரைத் தடவி வெறும் கண்ணால் கருப்பை வாயைப் பார்க்கும் எளிய சோதனையால் சாவு 35 விழுக்காடு குறைந்தது என்று 2007-இல் வெளியிட்டார்கள். உலகமே கவனித்த ஆய்வு. அதில் சேர்த்துக்கொண்ட பெண்கள் 30 முதல் 59 வயது வரை. கணக்குப்படி அது நியாயம்தான், கருப்பை வாய்ப் புற்றின் முன்நிலையைப் பிடிக்க வேண்டிய வயது அது. ஆனால் எங்கள் ஊரில் பலர் மனதில் வேறு மாதிரிப் பதிந்துவிட்டது: அறுபது தாண்டினால் அந்தப் பக்கம் பார்க்க ஒன்றும் இல்லை என்று. வினிகர் சோதனைக்குச் சினைப்பை தெரியாது. கருப்பையின் உள்ளேயும் தெரியாது. மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டுப் பட்டாலும் போய்க் காட்ட வேண்டும் என்று டாக்டரம்மா மருமகளிடம் சொல்லி அனுப்பினார். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, இருந்தாலும் பார்த்துவிட வேண்டும் என்றார்.

கடைசியாக ஒன்று. 2009-இல் கனடாவின் வான்கூவரில் இந்தக் கட்டியின் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் வகையில் பார்த்த 89 கட்டிகளில் 86-இல் ஃபாக்ஸ்-எல்-2 என்ற மரபணுவில் அதே ஒரே இடத்தில் அதே ஒரே எழுத்துப்பிழை! டைப் அடிக்கும்போது ஒரு எழுத்து மாறினால் அரசாணையே தலைகீழாகிவிடும் என்று எங்கள் சூப்பரின்டென்டென்ட் திட்டுவார். இவ்வளவு நிஜம் என்று அப்போது தெரியாது. கண்ணாடிக்கடியில் பூ சரியாகத் தெரியாமல் சந்தேகம் வந்தால் இப்போது அந்த எழுத்தைப் பார்த்து உறுதி செய்கிறார்கள்.

இந்தக் கட்டிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பத்து வருடம், இருபது வருடம் கழித்தும் திரும்பி வரும். அதனால் இன்ஹிபின் அளவை அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நெதர்லாந்தில் 1989-இல்தான் அந்தச் சோதனை இதற்கு உதவும் என்று கண்டார்கள். "இருபது வருஷம் கழிச்சு எனக்குத் தொண்ணூத்தொண்ணு. வந்தா வரட்டும், வரவேற்போம்" என்கிறார் அக்கா.

நான் ஒரு ஃபைல் போட்டிருக்கிறேன். மேல் அட்டையில் தேதிவாரியாக நோட் ஷீட். முதல் இன்ஹிபின், இரண்டாவது இன்ஹிபின், இரண்டும் இறங்கியிருக்கின்றன. மூன்றாவது, வரும் தை மாதம். எம்மா கால் பற்றி அக்காவுக்குப் படித்துக் காட்டியபோது ஒன்றுதான் கேட்டார்: "அந்தம்மா அவ்வளவு தூரம் தனியாவா போச்சு, வியன்னாவுக்கு?" ஆமாம் என்றேன். அடுத்த தடவை ஸ்கேனுக்குத் தாம்பரம் போகும்போது மருமகள் கூட வர வேண்டாம், லீவு போட வேண்டாம், நாமே போய்விட்டு வரலாம் என்று சொல்லியிருக்கிறார்.